பள்ளிக்கூடத்தில் சத்தமில்லாமல் ஜெபிப்பது: பெங்களூர் ஆசிரியர்களுக்கு

பெங்களூரில் பாடம் எடுக்கிற, வீட்டில் தமிழ் பேசுகிற, ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளியாக இருக்கலாம், மிஷன் பள்ளியாக இருக்கலாம், லேஅவுட்டுக்குள் மூன்று மாடிக் கட்டிடத்தில் நடக்கிற தனியார் பள்ளியாகவும் இருக்கலாம். உங்கள் வகுப்பில் கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். காலை அசெம்பிளியில் எல்லோரும் சேர்ந்து கர்நாடகத்தின் மாநிலப் பாடலான நாடகீதம் பாடுவார்கள். அதில் கிறிஸ்தவப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கலாம், ஒருவரும் இல்லாமலும் இருக்கலாம். அத்தனை பேருக்காகவும் பெயர் சொல்லி ஜெபிக்க முடியும், யாருக்கும் தெரியாமல் ஜெபிக்க முடியும், அந்த ஜெபம் அன்றைக்கே உங்கள் வகுப்பில் நீங்கள் நடந்துகொள்கிற விதத்தை மாற்றும். எனக்குப் பலன் தந்த வழிகளையும், மற்ற ஆசிரியர்கள் செய்து பார்த்துச் சொன்னவற்றையும் சேர்த்துத் தருகிறேன்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். ஒரு பிள்ளைக்காக உருப்படியாக ஜெபிக்க வேண்டுமானால் அந்தப் பிள்ளையை முதலில் நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். பணக்கார வாலிபன் இயேசுவிடம் ஓடிவந்து முழங்கால்படியிட்டபோது, அவர் அவனைப் பார்த்து அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு 10ஆம் அதிகாரம் சொல்கிறது. புத்தி சொன்னது அதற்குப் பிறகுதான்.

பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

ஜெபக்குறிப்பு எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டாம், அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் உங்கள் கையிலேயே இருக்கிறது. 45 பிள்ளைகள் என்றால் ஒரு நாளைக்கு 5 பேர், 9 பள்ளி நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். 60 பேர் என்றால் 12 நாள். தினமும் அத்தனை பேரையும் சொல்லி முடிக்கப் பார்க்காதீர்கள், மூன்றாவது நாளே அது ஒப்பிப்பதாக மாறிவிடும். அப்புறம், ரிஜிஸ்டரில் இருக்கிற வரிசையிலேயே போங்கள், நமக்குப் பிடித்த பிள்ளைகளை முன்னால் இழுக்க வேண்டாம். வரிசைப்படி போனால்தான் நாம் வழக்கமாகத் தாண்டிப் போகிற பிள்ளைக்கும் முறை வரும்.

யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் ஆரோனின் மார்ப்பதக்கத்தைப் பற்றி வாசித்திருப்பீர்கள். பன்னிரண்டு கல், ஒவ்வொன்றிலும் ஒரு கோத்திரத்தின் பெயர் வெட்டப்பட்டிருக்கும், பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது அவன் அந்தப் பெயர்களைத் தன் இருதயத்தின்மேல் தரித்துக்கொண்டு போக வேண்டும். இஸ்ரவேல் மொத்தத்துக்கும் ஒரே கல்லாகப் பதித்திருந்தாலும் போதுமே என்று நமக்குத் தோன்றலாம், ஆனால் தேவன் தனித்தனியாகத்தான் கேட்டார். ஆசிரியர்கள் அடிக்கடி திரும்பிப் போய் வாசிக்க வேண்டிய பகுதி இது.

பாட ஆசிரியராக இருந்து ஐந்தாறு செக்‌ஷனுக்குப் போகிறவர்களுக்கு இருநூறு முந்நூறு பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் இப்படிச் செய்யலாம்: வாரத்தில் ஒரு நாளுக்கு ஒரு செக்‌ஷன், அந்த செக்‌ஷனில் அன்று கண்ணில் பட்ட மூன்று பேரைப் பெயர் சொல்லி, மற்றவர்களைப் பெஞ்சு வரிசையாக மனதில் நிறுத்தி. பெயர் தெரியாத பிள்ளையை அது உட்காரும் இடத்தை வைத்துச் சொன்னாலும் கர்த்தருக்குத் தெரியும். ஆனால் அந்த வாரத்துக்குள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரம் எப்போது என்று கேட்பீர்கள். நம் ஊரில் காலை ஐந்தரைக்கு எழுந்து, டிபன் கட்டி, வீட்டுப் பிள்ளைகளை அனுப்பி, பேருந்தைப் பிடித்துப் போகிற ஆசிரியைக்கு அமைதியான ஒரு மணி நேரம் கிடைக்காது. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். பேருந்திலோ மெட்ரோவிலோ போகிற நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில்க் போர்டு பக்கம் வண்டி நின்றுவிட்டால் ஐந்து பெயர் தாராளமாக முடியும். கண்ணை மூட வேண்டும், முழங்காலில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் வீட்டுக்கு. ஸ்கூட்டரில் போகிறவர்கள் மட்டும் இறங்கி வண்டியை நிறுத்திய பிறகு செய்யுங்கள், சாலையில் கவனம் சாலையில்தான் இருக்க வேண்டும்.

எதற்காக ஜெபிப்பது

"ஆண்டவரே, எல்லாப் பிள்ளைகளையும் ஆசீர்வதியும்" என்பது நல்ல ஜெபம்தான், ஆனால் அதைச் சொல்ல நீங்கள் ஆசிரியராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, யார் வேண்டுமானாலும் சொல்லலாம். உங்களால் மட்டும் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. நாளெல்லாம் அந்தப் பிள்ளைக்கு எதிரே நிற்கிறவர் நீங்கள். நேற்று அவள் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை, திங்கட்கிழமை என்றால் அவன் எப்போதும் தாமதமாக வருகிறான், கணக்கு பீரியடில் மட்டும் அவளுக்கு வயிற்று வலி வருகிறது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த ஊருக்கே உரிய சில பாரங்கள் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், பாடமெல்லாம் ஆங்கிலம், அதோடு இந்தி என்று நாலு மொழிக்கு நடுவில் நிற்கிற பிள்ளை எந்த மொழியிலும் முழுதாக எழுத முடியாமல் வாயை மூடிக்கொண்டிருக்கும். அதை மந்தம் என்று முத்திரை குத்தாதிருக்க உங்களுக்கு ஞானம் வேண்டும், அந்தப் பிள்ளைக்குத் தைரியம் வேண்டும், இரண்டையும் கேளுங்கள். மாநிலத்தின் வடகிழக்கில் இருக்கிற கல்யாண கர்நாடகா பக்கமிருந்தோ தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்தோ கட்டிட வேலைக்கு வந்து லேபர் ஷெட்டில் தங்கியிருக்கிற குடும்பத்துப் பிள்ளை, கட்டிடம் முடிந்ததும் வருடத்தின் நடுவிலேயே போய்விடும். டி.சி. வாங்கக்கூட யாரும் வரமாட்டார்கள். அந்தப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிற மாதங்களில் ஒழுங்காக வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேளுங்கள், அப்படியே அதற்காக வாரத்தில் இரண்டு நாள் கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரவு ஆட்டோ ஓட்டுகிற அப்பாவை வாரத்தில் ஒரு நாள்தான் விழித்த நிலையில் பார்க்கிற பையன்கள் இருக்கிறார்கள். அபார்ட்மெண்டில் எல்லா வசதியோடும் இருந்தும் பேச ஆளில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிடாதீர்கள்.

ஜெபத்தில் ஒரு பெயர் வருகிறது, சொல்வதற்கு எதுவுமே தோன்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முகம் நினைவுக்கு வருகிறது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நீங்கள் அந்தப் பிள்ளையைக் கவனித்ததே இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். வகுப்பில் தொல்லை தருகிறவர்களையும் முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களையும் எல்லா ஆசிரியருக்கும் தெரியும். நடுவில் இருக்கிற, தொல்லையும் தராத, பரிசும் வாங்காத இருபது பேர்தான் வருடம் முழுக்க யார் கண்ணிலும் படாமல் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள். அப்படி ஒரு பெயரில் ஜெபம் முட்டி நின்றால் அன்று பள்ளிக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பாடத்தில் இல்லை, சும்மா. "எங்கேயிருந்து வர்றே? யாரோட வர்றே?" என்று கேட்டால் போதும். மறுநாள் ஜெபத்துக்கு விஷயம் இருக்கும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்ததே இதுதான், வேறு எதுவும் செய்ய முடியாவிட்டாலும் இதையாவது செய்யுங்கள்.

மதிப்பெண்ணுக்காக ஜெபிக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கலாம், தப்பில்லை. ஆனால் படித்தது நினைவில் நிற்க, இரவில் தூங்க, பயத்தில் கை நடுங்காமல் எழுத, காப்பி அடிக்கிற எண்ணம் வராமலிருக்க என்று கேட்பது இன்னும் நல்லது.

வகுப்பு நடக்கும்போதே

நெகேமியா புத்தகத்தில் ராஜா "நீ என்ன வேண்டுமென்கிறாய்" என்று கேட்கிறார். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, உடனே ராஜாவுக்குப் பதில் சொல்கிறார். ராஜா காத்திருக்கிறார், கையில் திராட்சரசப் பாத்திரம், எத்தனை நொடி இருந்திருக்கும்? ஆசிரியருக்கும் அவ்வளவு நேரம்தான் கிடைக்கும், அது போதும்.

எந்தெந்த இடத்தில் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் மறந்துபோகும். வகுப்பு வாசலில் காலை வைக்கும்போது ஒன்று. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அன்றைக்குரிய ஐந்து பெயர் வந்தால் அவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவது ஒன்று. திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒன்று, ஏனென்றால் குறைந்த மதிப்பெண்ணை எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பது ஒரு பிள்ளையை வருடக்கணக்கில் துரத்தும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கோபம் தலைக்கேறும் அந்த நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற பீரியட், மின்விசிறி ஓடவில்லை, பின்பெஞ்சில் யாரோ பேப்பர் ராக்கெட் விடுகிறார்கள், நீங்கள் திரும்புகிறீர்கள். அப்போது "கர்த்தாவே" என்ற ஒரு சொல், ஒரு மூச்சு, அதற்குப் பிறகு வாயைத் திறங்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், காலையில் யாருக்காக ஜெபித்தோமோ அந்தப் பிள்ளையை மதியம் எல்லோர் முன்னாலும் "உதவாக்கரை" என்று நம்மால் சொல்ல முடியாது.

சத்தம் வேண்டியதில்லை. அன்னாள் சீலோவில் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலிகூட அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார். கர்த்தர் கேட்டார். நாம் வகுப்பில் உதட்டையும் அசைக்க வேண்டாம், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பள்ளித் தேர்வில் மேற்பார்வைக்கு நிற்கிற மூன்று மணி நேரம் இதற்கு அருமையான வாய்ப்பு. கண் பிள்ளைகள்மேல் இருக்க வேண்டும், போனைத் தொடக்கூடாது, உட்காரவும் முடியாது. ஒவ்வொரு வரிசையாக நடக்கும்போது ஒவ்வொரு மேசையிலும் ஒரு வரி.

பிடிக்காத பிள்ளைக்கு

எல்லா ஆசிரியருக்கும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும், வெளியே சொல்ல மாட்டோம். அன்று அவன் லீவு என்று தெரிந்தால் மனது லேசாகும். அந்தப் பிள்ளையை ஐந்து பேர் முறையில் வைக்காதீர்கள், ஒரு மாதத்துக்குத் தினமும் முதல் பெயராக வையுங்கள். அவன் திருந்த வேண்டும் என்று முதல் வாரம் கேட்காதீர்கள். அவனைப் பற்றி நன்றி சொல்ல ஏதாவது ஒன்று கண்டுபிடியுங்கள், தினமும் புதிதாக ஒன்று. சிறிய பிள்ளைகளிடம் அன்பாக இருக்கிறான், கையெழுத்து அழகு, கபடியில் விழுந்தாலும் அழுவதில்லை, எதுவானாலும் சரி. நன்றி சொல்வதற்காகத் தேட ஆரம்பித்தால் உங்கள் பார்வை மாறும், அதை அவன் இரண்டு வாரத்தில் மோப்பம் பிடித்துவிடுவான். அவன் மாறுவானா என்பது வேறு. சிலர் மாறுவார்கள், சிலர் அப்படியேதான் இருப்பார்கள், ஆனால் வருடக் கடைசியில் உங்கள் மனதில் அவன்மேல் கசப்பு இருக்காது. பவுலும் பிலிப்பியருக்கு எழுதும்போது உங்களை நினைக்கிற பொழுதெல்லாம் என் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன் என்றுதான் தொடங்குகிறார்.

வெளியே தெரியாமல் ஏன்

சிலர் கேட்பார்கள், நம் விசுவாசத்தை மறைக்க வேண்டுமா, வெட்கப்படுகிறோமா என்று. நான் உறுதியாகச் சொல்வேன், இது வெட்கம் கிடையாது. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் இருக்கிற பிதாவை நோக்கி ஜெபிக்கச் சொன்னவர் இயேசுதான், மத்தேயு 6ஆம் அதிகாரம். இன்னொரு காரணம் பிள்ளைகளின் பக்கமிருந்து வருகிறது. உங்கள் கையில் அவர்களுடைய மதிப்பெண் இருக்கிறது, ரிப்போர்ட் கார்டு இருக்கிறது, டூர் லிஸ்ட் இருக்கிறது. அந்த இடத்தில் நின்றுகொண்டு நீங்கள் மதத்தைப் பற்றி என்ன சொன்னாலும் பத்து வயதுப் பிள்ளையால் மனதாரச் சம்மதிக்கவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அப்படி வாங்குகிற சம்மதத்துக்குக் கர்த்தரிடத்தில் மதிப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. அரசியலமைப்பின் 28ஆவது பிரிவின்படி முழுக்க அரசு நிதியில் நடக்கிற கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற மற்றப் பள்ளிகளிலும், மைனர் பிள்ளை என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் இல்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக்கூடாது. ஆகையால் மிஷன் பள்ளியில் இருந்தாலும் துண்டுப் பிரதி கொடுப்பது, சபைக்குக் கூப்பிடுவது, தலையில் கை வைத்து ஜெபிப்பது இவையெல்லாம் வகுப்பறையில் வேண்டாம். உங்கள் மனதுக்குள் நடக்கிற ஜெபத்தைத் தடுக்கிற சட்டம் எதுவும் கிடையாது.

பிள்ளையே வந்து கேட்டால்? "மிஸ், நாளைக்கு மேத்ஸ் பேப்பர், எனக்காக ப்ரே பண்ணிக்கிறீங்களா?" என்று கேட்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களே கிடையாது. "பண்றேன் கண்ணா, நீ இன்னைக்கு சீக்கிரமா தூங்கு" என்று சொல்லுங்கள், சொன்னபடியே செய்யுங்கள். அங்கேயே கையைப் பிடித்து ஜெபிக்க வேண்டாம், அதை வைத்துப் பேச்சை நீட்டவும் வேண்டாம். மறுநாள் "பேப்பர் எப்படி இருந்துச்சு?" என்று மறக்காமல் கேட்டால் போதும். "நீங்க ஏன் சர்ச்சுக்குப் போறீங்க?" என்று ஒரு பிள்ளை நேராகக் கேட்டால் ஒரே வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு, "உங்க வீட்டுல எப்படிக் கும்பிடுவீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள், ஆர்வமாகச் சொல்வார்கள். ரம்ஜான் நோன்பில் இருக்கிற பிள்ளையை மதிய வெயிலில் மைதானத்தில் ஓட விடாமல் பார்த்துக்கொள்வதும் வரமகாலட்சுமி பூஜைக்கு மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு வருகிறவளைக் கடிந்துகொள்ளாமல் இருப்பதும் நீங்கள் செய்கிற ஜெபத்தோடு சேர்ந்தவைதான்.

பிள்ளைகளின் ரகசியம் ஜெபக்குறிப்பாக மாறக்கூடாது

இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல விசுவாசிகளே இதில் வழுக்குகிறார்கள். புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் "எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு, எட்டாவது படிக்கிறா, அப்பா குடிச்சிட்டு வந்து..." என்று ஆரம்பிப்போம். பெயர் சொல்லாவிட்டாலும் ஒரே பகுதியில் குடியிருக்கிறவர்கள் நாலு பேர் அங்கே இருப்பார்கள், யாரென்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். லிங்கராஜபுரம், கம்மனஹள்ளி, அல்சூர், ஸ்ரீராமபுரம் என்று நம் ஆட்கள் நெருங்கி வாழ்கிற இடங்களில் செய்தி நடக்காது, ஓடும். சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கதை முடிந்தது. ஒரு பிள்ளை உங்களை நம்பிச் சொன்னதை வெளியே சொல்லாதீர்கள். பாரம் தாங்க முடியவில்லை என்றால் "என் வகுப்பில் ஒரு காரியத்துக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள், கர்த்தருக்கு விவரம் தெரியும். நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் இருந்தால் முழுப் பெயர் வேண்டாம், முதல் எழுத்து மட்டும், அதையும் ஸ்டாஃப் ரூம் மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஜெபித்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாத இடங்களும் உண்டு. ஒரு பிள்ளை பாலியல் துன்பத்துக்கு ஆளாகிறது என்று தெரிந்தாலோ, அப்படி நடக்கக்கூடும் என்று பயம் வந்தாலோ, போக்ஸோ சட்டம், 2012இன் 19ஆவது பிரிவுப்படி காவல்துறையிடம் தெரிவிப்பது கட்டாயம், தெரிவிக்காமல் விடுவது தண்டனைக்குரிய குற்றம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னாலும் அதற்காக நிறுத்தாதீர்கள். சிறுவர் உதவி எண் 1098. வீட்டில் அடி, குழந்தைத் திருமணம், வேலைக்கு அனுப்புவது போன்றவற்றுக்கும் அதே எண்தான். வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு பிள்ளை பேசினாலோ எழுதினாலோ தனியாக விடாதீர்கள், அன்றைக்கே பெற்றோரையும் பள்ளி ஆலோசகரையும் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் 14416, 2022இல் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் கன்னடத்திலும் பேச ஆள் உண்டு. நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் போனை எடுக்கும்போதே ஜெபியுங்கள், ஜெபித்து முடித்த பிறகு போன் பண்ணலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. மாதங்கள்

ஜனவரி முதல் பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்குத் தூக்கமே இருக்காது. பிள்ளைகளை விடப் பெற்றோர் பயந்துபோயிருப்பார்கள். இந்த மாதங்களில் ஐந்து பேர் முறையைக் கொஞ்சம் மாற்றுங்கள்: தேறுவது உறுதியாகத் தெரியாத பிள்ளைகளைத் தனியாக எழுதி அவர்களைத் தினமும் சொல்லுங்கள். பெற்றோருக்காகவும் ஜெபியுங்கள், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுகிற பேச்சு வீட்டில் நிற்க வேண்டும் என்று. பேரண்ட்ஸ் மீட்டிங்கில் அதை அவர்களிடம் நீங்களும் நேரடியாகச் சொல்லுங்கள்.

ரிசல்ட் வந்த பிறகுதான் பலர் ஜெபத்தை நிறுத்திவிடுகிறார்கள், உண்மையில் அப்போதுதான் தோற்ற பிள்ளைக்கு நீங்கள் வேண்டும். 2024 முதல் கர்நாடகத்தில் ஒரே வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பரீட்சை வாய்ப்பு இருக்கிறது. ஒன்றில் போனால் அடுத்ததை எழுதலாம் என்று பல வீடுகளில் தெரிவதே இல்லை, பையனை ஒர்க்‌ஷாப்பிலோ பெண்ணைத் தையல் வேலையிலோ சேர்த்துவிடுகிறார்கள். ரிசல்ட் அன்று மாலையே தோற்றவர்களின் வீட்டுக்குப் போன் போடுங்கள், முடிந்தால் நேரில் போங்கள், மறுபரீட்சைக்குப் பணம் கட்டும் கடைசி நாளைச் சொல்லுங்கள், எந்த மூன்று பாடத்தை முதலில் படிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சாமுவேல் தீர்க்கதரிசி ஜனங்கள் தங்களுக்கு ஒரு ராஜாவைக் கேட்ட பிறகும், உங்களுக்காக விண்ணப்பம் பண்ணாதிருந்தால் கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்கிறவனாயிருப்பேன் என்றார், அதே மூச்சில் நன்மையும் செவ்வையுமான வழியை உங்களுக்குப் போதிப்பேன் என்றும் சொன்னார். 1 சாமுவேல் 12:23. விண்ணப்பமும் போதனையும் ஒரே வசனத்தில் வருவது ஆசிரியர்களுக்குக் கிடைத்த கொடை என்றே நினைக்கிறேன்.

மனது வறண்டு கிடக்கும்போது

கணக்கெடுப்பு வேலை, தேர்தல் வேலை, சப்ஸ்டிட்யூஷன், ஆன்லைனில் ஏற்ற வேண்டிய விவரங்கள் என்று போட்டு நசுக்குகிற வாரங்கள் வரும். ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். அப்போது பெயர்களை மட்டும் வாசியுங்கள், வேறு ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம். நாம் வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று அறியாதிருக்கும்போது ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8இல் இருக்கிறதே, அதை நம்பித்தான். உங்களுக்காகவும் கேளுங்கள், இதை ஏனோ ஆசிரியர்கள் செய்வதில்லை. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன் என்று சொன்ன அதே யாக்கோபு, போதகருக்கு அதிக ஆக்கினை உண்டு என்றும் எழுதியிருக்கிறார். அந்தப் பயம் கொஞ்சம் இருப்பது நல்லதுதான்.

கத்தோலிக்க ஆசிரியர்களிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்த 1680இல் பிரான்சில் ஆசிரியச் சகோதரர்களைக் கூட்டிய புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசாலை 1950இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அவர் வழியில் வந்த பள்ளிகளில் நாள் நடுவே சற்று நிறுத்தி, நாம் தேவனுடைய பரிசுத்த சந்நிதியில் இருக்கிறோம் என்பதை நினைவுகூருவோம் என்று சொல்லிக்கொள்வது வழக்கம். மணி அடிக்கும்போது மனதுக்குள் அதைச் சொல்லிப் பாருங்கள், எந்தச் சபைக்காரராக இருந்தாலும் சரி. சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் செப்டம்பர் 8 திருவிழாவுக்கு முந்தைய நவநாள்களிலும், விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமைகளிலும் தங்கள் வகுப்பை நினைத்து வேண்டிக்கொள்கிற ஆசிரியைகளும் இருக்கிறார்கள். கிழமையும் இடமும் நிச்சயமாக இருந்தால் பழக்கம் அறுந்துபோகாது.

துணை ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். அதே பள்ளியில் ஒரு மலையாளி சாரோ, மங்களூர் பக்கத்து மிஸ்ஸோ இருக்கலாம். வாரத்தில் ஒரு நாள், பள்ளி விட்ட பிறகு, ஐந்து நிமிடம். ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் இருக்கும்போது கூட்டமாகச் செய்ய வேண்டாம், அவர்களை ஒதுக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். ஜூன் தொடக்கத்தில் உங்கள் ஆயரிடம் சொல்லி, சபையில் இருக்கிற எல்லா ஆசிரியர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னால் நிறுத்தி ஜெபிக்கச் சொல்லுங்கள், பெரும்பாலான சபைகளில் ஒரு சொல் சொன்னால் செய்வார்கள்.

ஏப்ரலில் வருடம் முடியும்போது ஜெபத்துக்காக எழுதி வைத்த நோட்டைக் கிழித்து எரித்துவிடுங்கள், பிள்ளைகளின் விவரங்கள் அதில் இருக்கின்றன. எந்த ஜெபம் கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை என்று கணக்குப் பார்க்கவும் வேண்டாம், முக்கால்வாசி உங்களுக்குத் தெரிய வராது. போன வருடப் பிள்ளைகளை என்ன செய்வது என்றால், புது வகுப்பின் ஐந்து பெயரோடு பழைய பெயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எது நினைவுக்கு வருகிறதோ அது. மூன்று நாள் தொடர்ந்து ஒரே பழைய பெயர் வந்தால் அந்தப் பிள்ளை இப்போது எங்கே படிக்கிறது, எப்படி இருக்கிறது என்று யாரிடமாவது விசாரித்து, எண் கிடைத்தால் பேசிவிடுங்கள்.